முதுகில் ஒட்டிய மருந்து

என் கணவருக்கு மறதி நோய் என்று டொக்டர் சொன்ன அன்று எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. அதுவரை வந்து போன சனமெல்லாம் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஏதோ கவனிக்காமல் விட்டதால்தான் மனுசன் இப்படி ஆகிவிட்டார் என்பது அவர்களுடைய எண்ணம். இனி அந்தப் பழியைச் சுமக்க ஒரு நோயாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி வைத்தேன்.

அவர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு வட்டைக்கு வட்டவிதானையாக இருந்தவர். ஏக்கர் கணக்கில் ஒன்றாகக் கிடக்கிற அந்த வயல்வெளியில் எவனுடைய வரம்பு எங்கே முடிகிறது, எந்த வாய்க்காலை எப்போது திறக்க வேண்டும், யாருடைய மாடு யாருடைய பயிரைத் தின்றது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருந்தது. ஒன்றையும் எழுதிவைக்க மாட்டார். கேட்டால் சொல்வார், சொன்னால் சரியாக இருக்கும். விடியப்புறமே எங்கள் வேலிக் கடப்படியில் ஆட்கள் வந்து நிற்பார்கள். நான் எழும்பும்போதே ஒரு வழக்குத் தீர்ந்திருக்கும்.

அந்த மனுசன் ஒரு போகத்தில், கதிர் முற்றி வெட்டுக்காக வயலைக் காயவிட்டிருந்த நேரத்தில், தனியாகப் போய் வாய்க்கால் கதவைத் திறந்துவிட்டு வந்தார். வெட்டு மெசின் சேற்றில் புதைந்தது. வயல்காரர்கள் வந்து கடப்படியில் நின்றார்கள். ஒருவரும் ஏசவில்லை. விதானையாருக்குச் சுகமில்லைப் போல என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏசியிருந்தால் நானும் திருப்பி நாலு வார்த்தை ஏசியிருப்பேன். அவர்கள் ஏசாமல் போனதுதான் எனக்குப் பெரிய ஏச்சாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என் வேலை காவல். மோட்டார் சைக்கிள் சாவியை அரிசி வாளிக்குள் ஒளிக்க வேண்டும். கடப்பைக் கட்டிவைக்க வேண்டும். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதையே சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் இது. அந்தப் பழக்கம் மட்டும் இல்லாவிட்டால் எனக்கும் பைத்தியம் பிடித்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு மணிக்கு மணி அடிப்பார்கள். இங்கே மணி அடிக்க ஆளில்லை.

முதலில் விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். அது வயிற்றைப் பிரட்டி, சாப்பிட்டதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. இதே மருந்து தோலில் ஒட்டுகிற மாதிரியும் இருக்கிறது, வயிற்றுக்குத் தொல்லை குறைவு, ஆனால் இங்கே தேடிப் பிடிப்பது கஷ்டம் என்றார் டொக்டர். சுவிஸில் இருக்கிற என் மகளுக்குச் சொன்னேன். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்தவள் பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்தாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு தாள், அதில் மூன்று பாஷை, மூன்றும் நமக்குத் தெரியாதவை. வட்டமான சின்ன ஒட்டு. தோல் நிறத்தில் செய்திருக்கிறார்களாம். யாருடைய தோலோ! வெயிலில் கறுத்த அவருடைய முதுகில் அது வாசல் லைட் மாதிரித் தெரிந்தது.

மகள் நின்ற நாட்களில் அவளே அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், குளிக்கவார்த்து, துடைத்து, ஒட்டிவிட்டாள். போகிற அன்று எல்லாவற்றையும் தன் மாமியிடம் ஒப்படைத்தாள். மாமி என்றால் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருப்பவர். ஒவ்வொரு நாளும் ஒன்று. நேற்று ஒட்டிய இடத்தில் இன்று ஒட்டக் கூடாது, இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். ஒட்டியதும் உள்ளங்கையை வைத்து நன்றாக அமத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். மச்சாள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டார். மகள் சொன்னதெல்லாம் சரி. சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அது சொல்லவேண்டிய விசயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஏன் என்னிடம் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் என் கையை முதுகில் படவிட மாட்டார். காலையில் எழுப்புகிறவள் நான், பல்லுத் தீட்டவைப்பவள் நான், வேண்டாம் என்னும்போது வாயில் சோற்றை ஊட்டுகிறவள் நான், இடுப்பில் நனைந்த சாரத்தை மாற்றுகிறவளும் நான். அதனால் என் கை பட்டாலே சுருங்கிப் போவார். சில நாள் தட்டிவிடுவார். அக்கா வந்தால் மட்டும் ஒரு சொல்லும் இல்லாமல் போட்டிருக்கிற சேட்டைத் தூக்கி, முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நிற்பார். எல்லாம் செய்கிறவளிடம் கோபம், வந்து போகிறவரிடம் பாசம். ஊரெல்லாம் இப்படித்தான் என்று சொல்கிறார்கள். ஊரெல்லாம் நடந்தால் நமக்கு நோகாதா?

பின்னேரம் குளித்து முடிந்ததும் மச்சாள் வருவார். மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மச்சாள் ஒட்டி, உள்ளங்கையை வைத்து அமத்திக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில்தான் மனுசன் கதைப்பார். சுவருக்குச் சொல்வது போல மெல்ல ஏதோ சொல்வார். மச்சாள் ம், ம் என்பார். நான் குசினியில் இருந்து காதைத் தீட்டுவேன், ஒன்றும் பிடிபடாது. என்ன சொன்னார் என்று கேட்டால் மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒண்டுமில்ல பிள்ள, பழைய கதைதான்," என்பார். எனக்கு எரிச்சலாக வரும். இத்தனை வருசம் கூட இருந்தவளிடம் சொல்ல அவருக்கு ஒரு பழைய கதையும் இல்லையா?

இப்போது என் கணவருடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணல். இளந்தாரியாக இருக்கும்போது சூடடித்த நெல் மூட்டையோடு வண்டிலில் இருந்து விழுந்து முறிந்தது. முறிவுக்குப் பார்க்கிற வைத்தியர் எலும்பைச் சேர்த்துப் பத்துப் போட்டார். அரைத்த பச்சிலை மருந்தைத் தடவித் துணி சுற்றுவதுதான் பத்து. பழையதைக் கழட்டக் கூடாது, காயக் காய அதன் மேலேயே புதியதைப் போட வேண்டும், தானாக உதிரும்வரை தொடக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. நாத்தம் தாங்காமல் அவருடைய தாய் ஒரு நாள் எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டார். கை கோணலாகப் பொருந்திற்று. அந்தக் குடும்பத்தில் இந்தக் கதை தெரியாதவர் கிடையாது. கல்யாணம் முடித்துவந்த முதல் மாதமே எனக்கும் சொல்லிவிட்டார்கள். மருந்து என்று ஒன்றைப் போட்டால் அது தன் வேலையை முடித்துத் தானாகப் போகும், நாம் கை வைக்கக் கூடாது.

ஆகவே மச்சாள் பழைய ஒட்டைக் கழட்டவில்லை. இடம் மாற்றி ஒட்டு என்றால், பழையது அந்த இடத்தில் இருக்கிறது, ஆகையால் பக்கத்தில் ஒட்டு என்று அர்த்தம். அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் அப்படித்தான் பட்டது. முதுகைத் தொட விடாவிட்டாலும் தினமும் குளிக்கவார்ப்பவள் நான்தான். முதுகில் நாலைந்து வட்டம் இருப்பதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். குளிக்கும்போது ஒன்று கழன்று தண்ணீரோடு போனால், ஐயோ விழுந்து போயிற்றே என்று மச்சாளிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். பார்க்க வந்த சனமும் பார்த்தது. நல்லாத்தான் மருந்து செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. ஒளித்து ஒன்றும் நடக்கவில்லை.

முதலில் நல்ல நாட்களும் வந்தன. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மீன்காரனை அடையாளம் கண்டு செல்வன் மீன் இருக்கிறதா என்று கேட்டார். வட்டையில் தண்ணீர் விட்டாயிற்றா என்று சரியான காலத்தில் கேட்டார். ஒரு நாள் காலையில் குசினி வாசலில் வந்து நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில் இருந்த தேங்காய்ப் பாதியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். என்ன வேணும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், சும்மா கூப்பிட்டேன் என்றார். அன்று முழுக்க நான் ஒருவரிடமும் எரிந்து விழவில்லை.

பிறகு அவர் தொய்யத் தொடங்கினார். சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம். எழும்பினால் சுவரைப் பிடிப்பார். கதிரையில் இருந்தபடியே கண் சொருகும். உடம்பு வேர்த்துக் குளிர்ந்துபோய் இருக்கும். வெயில் என்றேன். மச்சாள் பழைய மீனைச் சந்தேகப்பட்டார். மகள் போனில், வயசு போனால் அப்படித்தான், மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றாள். நாங்கள் விடவில்லை. சுகமில்லாமல் இருக்கிறார் என்று மச்சாள் இன்னும் அக்கறையாக, ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து ஒட்டினார்.

ஒரு நாள் காலை, கட்டிவைத்த கடப்படியில் அவர் வழக்கம்போல நின்றார். திரும்பிப் பார்த்தபோது நின்ற இடத்தில் ஆள் இல்லை. நிலத்தில் கிடந்தார். தலையில் காயம் இல்லை, ஆனால் முகத்தில் இரத்தமே இல்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு ஒன்று வந்தது. அடுத்தது வரும் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வந்தபோது நான் நம்பிக்கை விட்டிருந்தேன்.

அம்புலன்சில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மல்லாக்கக் கிடத்தி, சேட்டுப் பொத்தானைக் கழட்டி, நெஞ்சில் வயர்களைப் பூட்டினார்கள். தலைமாட்டில் இருந்த மெசினில் துடிப்பின் இலக்கம் முப்பத்துச் சொச்சத்தில் நின்றது. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இளம் டொக்டர் ஒருவர், நல்ல பிள்ளை, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஆறுதலாகக் கேட்டார். பிரஷருக்குக் குளிசை குடிக்கிறாரா? இல்லை. சீனிக்கு? இல்லை. நெஞ்சுக்கு? இல்லை. வேறு ஏதாவது மருந்து? முன்பு மறதிக்குக் குளிசை கொடுத்தது, அதையும் நிற்பாட்டியாகிவிட்டது என்றேன். அது உண்மை. ஒட்டுவது என் நினைவிலேயே இல்லை. வாயால் போனால் மருந்து, ஊசியால் போனால் மருந்து. டொக்டர் மருந்து என்று கேட்கும்போது முதுகில் ஒட்டியது யாருக்கு ஞாபகம் வரும்?

இதயத்தைத் துடிக்கவைக்கிற கரண்ட் மிகவும் மெதுவாக ஓடுகிறது என்றார் டொக்டர். இப்போதைக்கு ஊசி கொடுத்துப் பார்க்கிறோம். ஏறாவிட்டால் கழுத்தால் ஒரு வயர் விட வேண்டும். பிறகு நெஞ்சுத் தோலுக்கு உள்ளே ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டி வரும். நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

பின்னேரம் நோயாளர் பார்க்கும் நேரத்தில் மச்சாள் வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். தலை வாரி இழுத்து, வெள்ளைச் சீலை உடுத்து, கையில் கஞ்சிப் போத்தலும் ஒரு சின்னப் பையும். தம்பியின் நெற்றியைத் தடவினார். பிறகு பைக்குள் இருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். குளிக்கவார்க்காமல் ஒட்டுவதில் அவருக்குக் கொஞ்சம் யோசனை. ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டலாமா என்று என்னைக் கேட்டார். அந்தப் பக்கம் போன தாதி மிஸ்ஸி நின்று பார்த்தார்.

"அது என்னம்மா கையில?"

"தம்பிக்கு மறதிக்கு ஒட்டுற மருந்து, மகள். ஒரு நாளும் விட்டதில்ல. இண்டைக்கும் நேரம் வந்திட்டு, அதான்."

மிஸ்ஸி பெட்டியை வாங்கிப் பேரைப் பார்த்தார். உடனே போய் டொக்டரைக் கூட்டிவந்தார். இரண்டு பேருமாக அவரை மெல்லப் பக்கவாட்டில் சரித்து, சேட்டைத் தூக்கினார்கள். முதுகில் ஏழு வட்டம். தோளின் பின்பக்கம் ஒன்று. மூலை சுருண்டவை, அழுக்குப் படிந்தவை, நேற்றுப் பின்னேரம் ஒட்டிய புதியது. டொக்டரே நகத்தால் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தார். உரித்த இடமெல்லாம் தோல் வெளுத்திருந்தது. மிஸ்ஸி தண்ணீரால் துடைத்துக்கொண்டே வந்தார்.

அந்த டொக்டர்ப் பிள்ளை கோபப்படவில்லை. எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"இது வெறும் பிளாஸ்டர் இல்லம்மா. தோலால ரத்தத்துக்குப் போற மருந்து, குளிசை மாதிரித்தான். மூளைக்கு வேலை செய்யிற நேரம் இதயத்தையும் மெதுவாக்கும். ஒண்டு எண்டாத் தாங்கும். புதுசு ஒட்ட முதல் பழசைக் கழட்டி எறியோணும். கழட்டாட்டி அதுல மிஞ்சின மருந்தும் உள்ளுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்."

மச்சாள் கையில் பிரிக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டிலில் வைக்கப் போனார், வைக்கவில்லை. பிறகு வெளியே போய் வாங்குப் பலகையில் இருந்தார். நான் போனபோது நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பத்து மாதிரி எண்டு நினைச்சன் பிள்ள," என்றார். "உரிச்சா அவன்ட கை மாதிரி ஆகிடும் எண்டு பயந்தன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெம்பில்லை. ஏசவும் தெம்பில்லை. பக்கத்தில் இருந்து கஞ்சிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டேன். வயல்காரர்கள் அன்று கடப்படியில் ஏசாமல் நின்றது எனக்கு எப்படி இருந்ததோ, என் மௌனமும் மச்சாளுக்கு அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அது அப்போது எனக்கு விளங்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி அவர் எழும்பிப் போனார்.

இலக்கம் மெல்ல ஏறிற்று. நாற்பது, பிறகு கொஞ்சம் கூட. கழுத்தால் வயர் விடத் தேவை வரவில்லை. மறுநாள் மத்தியானம் அவர் எழும்பி இருந்து, இது யாருடைய கலியாண வீடு என்று கேட்டார். சோறு கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் செய்ய அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு விட முன்பு பெரிய டொக்டர் ஒரு விசயம் சொன்னார். இவருடைய இதயத்தில் கரண்ட் இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடுகிறது. இனி ஒன்றே ஒன்று ஒட்டினாலும் நம்பி விட முடியாது. நெஞ்சில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்தால் இதயத்தை அது பார்த்துக்கொள்ளும், பயமில்லாமல் ஒட்டலாம். வைக்காவிட்டால் இந்த மருந்தை மறந்துவிட வேண்டும். மறதிக்காரனின் மருந்தை மறக்கச் சொல்கிறார்! மகள் போனில் அழுதாள். பெட்டியை வையுங்கள் அம்மா, அப்பா என்னை மறந்துபோவார் என்றாள். நான் டொக்டரிடம் ஒன்றைத்தான் கேட்டேன். ஒட்டினால் பழையபடி வருவாரா?

"வராதம்மா. போறது கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான்."

நான் வேண்டாம் என்றேன். எழும்பி இருந்த அன்றே சேலைன் ஊசியைப் பிய்த்தெடுத்தவர், நெஞ்சில் தைத்த தையலை விட்டுவைப்பாரா? அதற்கும் ஒரு காவல் வேண்டும், அந்தக் காவலும் நான்தான். இதைத்தான் மகளிடம் காரணமாகச் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மை இன்னும் சின்னது: நான் களைத்துப் போயிருந்தேன். துடிக்கிற இதயம் ஒன்று வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. அது யாரை நினைத்துத் துடிக்கிறது என்று கேட்கிற வயசு எனக்குப் போய்விட்டது என்று நினைத்தேன்.

நினைத்த அளவுக்கு அது லேசாக இல்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மீன்காரன் போனான், வட்டை போனது, என் பேர் போனது. நான் சோறு கொண்டு போனால், வேற்று வீட்டில் சாப்பிடுகிறவரைப் போல மரியாதையாக, போதும் போதும் என்பார். என்னைத் தட்டிவிடுவதுகூடக் குறைந்துவிட்டது. அந்நியப் பெண்ணை யார் தட்டிவிடுவார்கள்? வாங்க, போங்க என்று கதைக்கிறவரைக் குளிக்கவார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்.

மச்சாள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய தும்மல்கூடக் கேட்கும், ஆள் வரமாட்டார். நானும் போய்க் கூப்பிடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறந்த மனுசன் ஒன்றை மட்டும் மறக்கவில்லை. பின்னேரம் குளித்து முடிந்ததும், சேட்டைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். நிற்பார் என்றால், கால் நடுங்குமட்டும் நிற்பார். சேட்டை இறக்கிவிட்டால் மறுபடி தூக்குவார். முதுகு வெறுமையாக இருந்தது. உரித்த வெளுப்புக்கூட மறைந்துவிட்டிருந்தது.

பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒரு நாள் வேலியைச் சுற்றிக்கொண்டு மச்சாள் வீட்டுக்குப் போனேன். புளி உடைத்துக்கொண்டு இருந்தார். மெலிந்து போயிருந்தார்.

"வாங்க மச்சாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கிறார்."

"என்ட கைய நம்பி விடுவியா பிள்ள?"

"கைதானே. கையில மருந்தில்ல."

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். தம்பியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார், முன்பு எப்படி அமத்துவாரோ அப்படி. மனுசனுடைய தோள் இறங்கிற்று. சுவருக்குச் சொல்வது போல ஏதோ முணுமுணுத்தார். மச்சாள் ம் என்றார். கையை எடுத்ததும் சேட்டை இறக்கிக்கொண்டு போய்ப் படுத்தார். அதிலிருந்து பின்னேரங்கள் பழையபடி ஆயின. என்ன சொன்னார் என்று கேட்டால், பழைய கதை என்கிற பதிலும் பழையபடியே வந்தது.

போன கிழமை மச்சாள் பனிச்சங்கேணியில் இருக்கிற தன் மகள் வீட்டுக்குப் போனார். பேத்தி பெரியபிள்ளையாகிவிட்டாள், போகாமல் இருக்க முடியாது. அன்று எனக்குக் காலையிலிருந்தே ஓயாத வேலை. அவர் இரண்டு தரம் சாரத்தை நனைத்தார், பாயைக் கழுவினேன், தண்ணீர் மோட்டார் வேலை செய்யாமல் கிணற்றில் அள்ளினேன். பின்னேரம் குளிக்கவார்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பினால், சுவரைப் பார்த்து நிற்கிறார், சேட்டைத் தூக்கியபடி. மச்சாள் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் சத்தம் போடாமல் பின்னால் போய் என் உள்ளங்கையை வைத்தேன். தட்டிவிடுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை. எலும்பும் தோலுமான முதுகு. கைக்குக் கீழே துடிப்புத் தெரிந்தது. மெதுவாகத்தான், ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பின்வளவில் யாரோ றேடியோ போட்டிருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"அக்கா, அந்தப் பிள்ளை சாப்பிட்டுதா எண்டு ஒருக்காக் கேளுங்க. விடிஞ்சதில இருந்து நிண்ட நிலையில வேலை செய்யுது. ஆர் பெத்த பிள்ளையோ, பாவம், களைச்சுப் போச்சு."

மச்சாள் இவ்வளவு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய கதை என்று சொன்னது இதைத்தான். மச்சாளுடைய குரல் போல இருக்கட்டும் என்று தணித்துச் சொன்னேன்.

"ஓம் தம்பி. சாப்பிட்டிட்டுது."

அவர் தலையை ஆட்டினார். கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் எடுத்தேன். அவர் சேட்டை இறக்கிக்கொண்டு போய்ப் படுத்தார். நான் குசினிக்குப் போய், மத்தியானச் சோற்றைக் கோப்பையில் போட்டு, இருந்து சாப்பிட்டேன்.